பெட்டியில் வைத்த பத்திரம்

காஜா பேராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் ஒரு வரிசையாகத் தீப்பிடித்து எரிந்த பிறகுதான், எல்லோரும் தங்கள் பத்திரங்களைக் கலியாணசுந்தரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் நகை செய்பவர். கடைக்குள் சுவரோடு சேர்த்துப் பதித்த இரும்புப் பெட்டி இருந்தது. மலாய்க்காரர்கள் மெர்டேக்கா என்று சொல்கிற சுதந்திரம் வரப்போகிறது, இங்கே பிறந்ததற்குச் சாட்சி கேட்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பிறப்புப் பத்திரம் எரிந்துபோனவர்கள் அலைந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி பெரிய நிம்மதியாக இருந்தது. கலியாணசுந்தரம் கூலி எதுவும் வாங்கவில்லை. கமலவேணியும் தன் பத்திரத்தை அங்கேதான் வைத்திருந்தாள்.

சுதந்திரம் வந்த மறுவருடம், லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அவள் கணவன் ஜெயபாலனுக்கு இடுப்பு ஒடிந்தது. அரசாங்க மருத்துவமனையில் ஆயா வேலை காலியாக இருந்தது. குடியுரிமைச் சான்று இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கமலவேணி பெட்டியிலிருந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அதிகாரியும் கூட வந்தார். இந்தப் பெயருக்கு, இந்தப் பத்திரத்துக்குப் போன வருடமே சான்று கொடுத்தாகிவிட்டது, நீ யார் என்று கேட்டார். அவள் தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரையும், பிறந்த ரப்பர் தோட்டத்தின் பெயரையும் சொன்னாள். இதையெல்லாம் அந்தப் பெண்ணும் சொன்னாள் என்றார் அதிகாரி. விசாரணை முடியும்வரை பத்திரமும் அடையாள அட்டையும் தங்களிடமே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அட்டை இல்லாமல் தெருவில் நடக்கவே பயமாக இருந்தது.

நேரே கலியாணசுந்தரத்தின் கடைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த தன் தங்கை மகள் தனலட்சுமிக்கு இங்கேயே கல்யாணம் நடந்ததையும், இங்கே தங்கியிருக்க அவளுக்கு அனுமதி கிடைக்காமல்போனதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளுக்கும் கமலவேணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"ஒரு நாளைக்குத்தான் எடுத்துக் கொடுத்தேன், தங்கச்சி. மறுநாளே அதே எடத்துல வச்சிட்டேன். உனக்கு ஒண்ணும் கொறையாதுன்னு நெனச்சேன்."

"தாளு கொறையலதான், அண்ணே. எம்பேரு இப்ப அவகிட்ட இருக்கு."

அவர் அழுதார். வெளியே சொன்னால் தனலட்சுமியைக் கப்பலேற்றிவிடுவார்கள், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றார்.

கமலவேணி பஸ் பிடித்து, தனலட்சுமி குடியிருந்த ஊஜோங் பாசிருக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள். கதவைத் திறந்தது மெலிந்த, வயிறு தள்ளிய பெண். வந்தவள் யாரென்று தெரியாமலே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து யாரோ "கமலவேணி" என்று கூப்பிட்டார்கள். "இதோ வர்றேன்" என்று இருவரில் ஒருத்தி பதில் சொன்னாள். அது தனலட்சுமி. கமலவேணி தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

சில வாரம் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆயா வேலை வேறொருத்திக்குப் போனது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அவளே பத்திரத்தைத் திருடியவளோ என்கிற மாதிரி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போனான். அன்று ஜெயபாலன் பாயில் படுத்தபடியே, "நீ கமலவேணி இல்லைன்னு ஆயிட்டா நம்ம புள்ளைங்க யாரு?" என்று கேட்டான். மறுநாள் காலையில் அவள் பதிவு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கலியாணசுந்தரத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. தனலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு தாயையும் பிள்ளையையும் கப்பலேற்றினார்கள். அவள் கணவன் இங்கேயே நின்றுவிட்டான்.

பூட்டிய கடையைக் கலியாணசுந்தரத்தின் மனைவி பொன்னம்மா திறந்துவிட, ஜனங்கள் வந்து தங்கள் பத்திரங்களை எடுத்துப் போனார்கள். சிலர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். சிலர் முகர்ந்தும் பார்த்தார்கள். தங்களுடையதும் வேறு யார் கைக்காவது போய்வந்ததா என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பொன்னம்மாவுக்கும் தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்லிக் கமலவேணியோடு பேச்சை நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அடுத்த வருடம்தான் அவளுடைய பத்திரமும் அட்டையும் சான்றும் கைக்கு வந்தன. ஜெயபாலன் சொல்லி, மறுபடியும் ஆயா வேலைக்கு மனுப் போடப் போனாள். சரிபார்ப்பதற்காக அசல் பத்திரத்தைச் சில நாள் அங்கேயே வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார்கள். பத்திரமாக இருக்கும், இரும்பு அலமாரியில் பூட்டித்தான் வைப்போம் என்றாள் அங்கிருந்த பெண்.

கமலவேணி மேசைமேல் கையை நீட்டிப் பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்த வாரத்திலிருந்து கிளேபாங்கில் ஒரு வீட்டுக்குத் துணி துவைக்கப் போகத் தொடங்கினாள்.