தோளில் ஒரு கை

புயல் அடித்த மறுநாள் காலை. சிக்ஸ்டன் வீட்டுக்கு இருப்பது ஒரே பாதை. அதன் குறுக்கே ஒரு ஊசியிலை மரம், மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி கால் நீட்டிப் படுத்திருந்தது. மகள் லின்னேயா பச்சைக் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் வருகிறாள். முதல் பேத்தி. அதற்குள் பாதை திறந்தாக வேண்டும்.

பக்கத்துப் பண்ணை குன்வோர் மோட்டார் ரம்பத்தோடு வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"முடியும். நீ வாயை மூடினா இன்னும் சீக்கிரம்."

பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிற சிக்ஸ்டனின் வாய். அது எங்கே மூடும்? அவள் கிளை கழித்து, நுனியிலிருந்து துண்டு போட்டுக்கொண்டே வர, அவன் புலம்பிக்கொண்டே கட்டைகளை ஓரமாக உருட்டினான். கடைசியில் வேர்ப்பக்கம் மட்டும் மிச்சம். பெயர்ந்த வேர் மண்ணோடு கூரை உயரத்துக்குச் சுவராக நின்றது.

குன்வோர் ரம்பத்தை அணைத்தாள். "மரத்தோட கனம்தான் அந்த வேரைச் சாய்ச்சு வச்சிருக்கு. அறுத்ததும் அது பழைய குழியிலேயே போய் விழும். பின்னால போய், ஆடு, நாய், ஆளு எதுவும் இல்லைன்னு பாத்துட்டு வா. வந்து என் தோள்ல கை வை. அப்பத்தான் அறுப்பேன்."

"அங்கேர்ந்தே கத்தினா ஆகாதா தாயே? நேரமாவுது!"

"ஆகாது. எங்க காட்டுல கைதான் பேச்சு."

பின்பக்கம் போனவன் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே வேர்கள். ஒவ்வொன்றும் ஒரு கல்லை, கோழி முட்டையை அணைப்பதுபோல், பிடித்திருந்தது. எத்தனை காலத்து இருட்டோ, இன்றுதான் வெளிச்சம் பார்த்தது. அதில் ஒரு கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. பேத்திக்கு ஆகும்! குழிக்குள் இறங்கி அதைப் பிடுங்கினான். நேரம் ஞாபகம் வந்தது.

"யாரும் இல்ல! அறு!" என்று அங்கிருந்தே கத்தினான். கணக்கில் தன்னை விட்டுவிட்டான்.

ரம்பம் உறுமவில்லை.

"காது போச்சா உனக்கு?"

முணுமுணுத்தபடி ஏறி வந்தான். அவள் மர உச்சிகளைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தோளில் கை வைத்தான்.

"ம். இப்பத் தள்ளி நில்லு."

பாரம் அழுத்துகிற மேல்பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்தாள். பிறகு பக்கவாட்டில் நின்று, கீழிருந்து மேலாக. மரம் முனகியது, முறிந்தது. வேர்ச்சுவர் ஒரு கணம் யோசித்தது. பிறகு பிரம்மாண்டமான மூடிபோல் பின்னால் சாய்ந்து குழியில் இறங்கியது. காலடியில் பூமி அதிர்ந்தது. அடிக்கட்டை நேராக நின்றது, விழுந்ததே இல்லை என்பதுபோல்.

சிக்ஸ்டன் சுற்றிப் போய்ப் பார்த்தான். குழி இல்லை. பாசி பாசியோடு சேர்ந்திருந்தது; விரல் நுழைய இடமில்லை.

குன்வோர் அவன் முழங்கால் வரை அப்பியிருந்த ஈரக் களிமண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். அவன் கல்லைப் பைக்குள் போட்டுவிட்டு, மறுபடியும் அவள் தோளில் கை வைத்தான்.

போன் அடித்தது. "அப்பா, பாதை திறந்தாச்சா? வேகமா வந்துட்டிருக்கோம்!"

"திறந்தாச்சும்மா. ஒண்ணும் அவசரமில்ல. வழியில நிறுத்திக் காபி குடிச்சுட்டு மெதுவா வாங்க."

பேசி முடித்த பிறகும், மற்றொரு கையை அவன் குன்வோரின் தோளிலிருந்து எடுக்கவில்லை.