சொந்தக் காரணம்

“நீங்களா போனீங்களா, அவங்களா அனுப்பினாங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

“அவங்கதான் சார் அனுப்பினாங்க.”

“பேப்பர் அப்படிச் சொல்லலியே.”

“அது அவங்க எழுதச் சொல்லி எழுதினது சார்.”

“கையெழுத்து உங்களுதுதானே?”

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அறை. வரிக் கணக்கு பார்த்துத் தரும் ஸ்ரீகாந்த் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பீட்டரின் ராஜினாமாக் கடிதத்தின் நகல் விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஸ்டேப்ளரை வைத்திருந்தார். பீட்டருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியே கீழே பார்த்தான். ஏதோ ஒரு கம்பெனியின் பஸ், வெள்ளை உடம்பில் நீலப் பட்டையோடு, இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷம் அவனும் அதே இடத்தில் நின்று இப்படி ஒரு பஸ்ஸில் ஏறி, ஒரகடத்தில் கார் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைக்குப் போய்வந்தவன். பங்குனியில் அந்தப் பிரிவையே மூடினார்கள். மொத்தமாக ஒரு தொகை தந்தார்கள். வங்கிக்கு வந்தபோது அதில் பெரிய துண்டு ஒன்று வரியாகக் கழிந்திருந்தது. ஏன் என்று கேட்கத்தான் இந்த மாடிப்படி ஏறியிருந்தான்.

“சார், இருநூறு பேரு சார்,” என்றான் கூட வந்திருந்த தினேஷ்குமார். அவனும் அதே பிரிவில் வேலை பார்த்தவன். “ஒரே நாளு, ஒரே ரூமு. பேனா பத்தாம மாத்தி மாத்தி வாங்கி எழுதினோம். இருநூறு பேருக்கும் ஒரே நாள்ல சொந்தக் காரணம் வருமா?”

ஸ்ரீகாந்த் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சற்று வெட்கப்பட்டவர் போல் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

“எனக்குப் புரியுது தம்பி. சட்டத்துக்குப் புரியணுமே. கம்பெனியே ஆட்குறைப்பு பண்ணிக் குடுத்த பணம்னா ஒரு அளவு வரைக்கும் வரி கெடையாது. நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போனா, அது அவங்க பிரியப்பட்டுக் குடுத்த பணம். மொத்தமும் சம்பளத்தோட சேந்துடும். ஒரே வருஷத்துல இவ்ளோ சம்பளமான்னு வரியும் மேல் படிக்குப் போயிடும்.”

“வாழ்க்கைல மொத தபா பெரிய சம்பளக்காரன் ஆயிக்கீறோம்டா பீட்டரு,” என்றான் தினேஷ்குமார்.

பீட்டருக்குக் கடிதம் எழுதிய அந்த அறை ஞாபகம் வந்தது. கேண்டீனுக்குப் பக்கத்துப் பயிற்சி அறை. சுவரொட்டியில் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தின் மாதிரியைத் திரையில் காட்டி, ஒரே ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அதில் அவரவர் சொந்தக் காரணத்தை எழுத வேண்டும். அறையில் ஒரு விளையாட்டுத்தனம் வந்துவிட்டது. ஏனென்றால் காரணம் எழுதுவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. அந்தப் பிரிவில் சாவு என்றால்தான் கேட்ட உடனே லீவு கிடைக்கும். அதனால் ஒவ்வொருவனும் வருஷா வருஷம் தன் சொந்தங்களை ஒவ்வொருவராகச் சாகடித்திருந்தான். ஒருவனுடைய பெரியப்பா மூன்று முறை இறந்து, மூன்று முறையும் மேற்பார்வையாளர் உச்சுக்கொட்டியிருந்தார். நம்பாமலேயே உச்சுக்கொட்டுவார். பீட்டரும் அத்தை, மாமா, சித்தப்பா எல்லாரையும் அனுப்பிவைத்தவன்தான். அப்பாவை மட்டும் தொட்டதில்லை. அம்மா நிஜமாகவே போய்விட்டபின் காகிதத்தில்கூட அவரைத் தொடக் கை வரவில்லை. பயிற்சி அறையில் பேனா அவன் கைக்கு வந்தபோது பக்கத்தில் தினேஷ்குமார், ‘கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால்’ என்று எழுதி முடித்திருந்தான். பெண் இன்றுவரை கிடைக்கவில்லை. பின்னால் இருந்தவன் அவசரப்படுத்தினான். பீட்டரின் கைவசம் வேறு யாரும் மீதமில்லை. ‘என் தந்தையின் உடல்நலக் குறைவு காரணமாக’ என்று, திரையில் இருந்ததைப்போலவே இங்கிலீஷில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதினான்.

அன்று அவன் வீடு திரும்பியபோது அப்பா கிருஷ்ணசாமி புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, குடத்தைத் தோளில் வைத்து, சுவர் தாகமெடுத்த மாடு என்பதுபோல ஏதோ பேசிக்கொண்டே ஊற்றினார். அந்த நாளில் அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

“இன்னா வழி சார்?” என்றான் பீட்டர்.

“ஆட்குறைப்புன்னு கம்பெனி ஒரு லெட்டர் குடுக்கணும். குடுக்க மாட்டாங்க. காஞ்சிபுரத்துல ஒரு வக்கீல் உங்காளுங்களுக்காக தொழிலாளர் அலுவலகத்துல மனு போடறாரு. எழுதுன காரணமெல்லாம் எழுத வெச்ச காரணம்னு காட்டணும். அது எடுபட்டா, வரியில ஒரு பங்கு திரும்பும். முழுசும் வராது.” அவர் ஸ்டேப்ளரை எடுத்துவிட்டு நகலை அவனிடம் தள்ளினார். “உங்களுது சுலபம். அப்பா இருக்காரில்ல?”

“கீறாரு சார்.”

“அப்புறம் என்ன? அந்த மாசம் நான் நல்லாத்தான் இருந்தேன், எனக்காக எம்மகன் வேலைய விடலன்னு அவரு கையெழுத்தோ கைநாட்டோ வெச்சா போதும்.”

தினேஷ்குமார் திரும்பி பீட்டரைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

வேலை போய் இரண்டு மாதம் கழித்து, வைகாசியில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு சுவரோரம் விழுந்து கிடந்தார் கிருஷ்ணசாமி. குடம் உடையவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது பக்கம் போயிருந்தது. வாய் கொஞ்சம் கோணியிருந்தது. பேச்சு, ஈரத்துணியைப் பிழிவதுபோல மெதுவாக வந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டில் நாளானது. எது முன்னால், எது பின்னால் என்பது அவருக்குக் குழம்பிவிட்டது. மகன் பகலில் வீட்டில் இருக்கிறான். தன்னைத் தூக்கி உட்கார வைக்கிறான், குளிப்பாட்டுகிறான். அப்படியென்றால் தான் விழுந்தது முதலில், மகன் வேலையை விட்டது பிறகு. அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஒருநாள் பார்க்க வந்த தினேஷ்குமார், அவரைச் சிரிக்கவைக்க நினைத்து, “உன்னத்தான் பெரிப்பா லெட்டர்ல எழுதிட்டு வந்தான் ஒம்புள்ள,” என்று சொல்லிவைத்தான். கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை. கண்ணோரம் நீர் இறங்கியது. அதன்பிறகு யார் வந்தாலும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்ய வந்த பாஸ்டரிடம், பால் ஊற்ற வந்தவளிடம், கூலிப் பணத்துக்கு வந்த கொத்தனாரிடம்கூட. எம்புள்ள கம்பெனிக்கே எழுதிக் குடுத்துட்டான். எங்கப்பாதான் வோணும்னுட்டான்.

காலமெல்லாம் அடுத்தவன் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்த மனிதர். தனக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை. பீட்டர் மறுத்துச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தான். பிறகு விட்டுவிட்டான். கோணிய அந்த வாய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் ஏறக்குறைய நேராகிவிடுவதுபோல அவனுக்குத் தோன்றியது.

ஸ்ரீகாந்தின் மாடியிலிருந்து இறங்கி, தன் ஊர் மானாம்பதிக்குப் பீட்டர் பஸ் ஏறியபோது வானம் மூடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி, அதில் மேகம் தலைகீழாக நின்றது. அந்த இரண்டாவது வானத்தில் தங்கள் வீடும் தலைகீழாக, தரையே மேல்தளமாக, எந்தக் குறையும் இல்லாமல் நிற்கும் என்று ஒரு கணம் நினைத்தான். அரசாங்கம் தந்த பணத்தில் சுவர் எழும்பி, ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்ட வீடு. கம்பெனிப் பணத்தில் கடன் போக மீதியைத் தளத்துக்கென்று வைத்திருந்தான். வரிக்குப் போனது அந்த மீதி. ஐப்பசிக்குள் தளம் போடாவிட்டால் சுவரும் நிற்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

மனைவி கீதா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை.

“எவ்ளோ வருமாம்?”

“ஒரு பங்கு.”

“கம்பிக்கும் சிமெண்டுக்கும் வந்தா போதும். ஆளு கூலிக்கு நானே சட்டி தூக்குறேன்.” முறத்தைத் தட்டினாள். “ஆனா உங்க நைனா சும்மா வெக்க மாட்டாரு. தெரியுமில்ல?”

தெரியும். அந்தக் காலனியில் படிக்காத எவரும், படிக்கக் கேட்காமல் ஒரு காகிதத்தில் விரல் வைக்க மாட்டார்கள். எந்தக் காலத்திலோ, யாருடைய தாத்தாவோ, கேட்காமல் வைத்த ஒரு விரலுக்கு மூன்று தலைமுறை கொத்தடிமையாக ஏர் ஓட்டியிருந்தது. அதிலிருந்து அப்படி. ரேஷன் கடையில்கூட கிருஷ்ணசாமி, “இன்னா போட்டுகீதுன்னு சொல்லு,” என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். வரிசை முனகும். கவலைப்பட மாட்டார்.

“வேற எதுனா படிச்சிட்டேன்னா?” என்றான் பீட்டர், குரலைத் தாழ்த்தி. “வூட்டு லோனுன்னு.”

கீதா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “ஒரு தபா பொய் எழுதினதுக்குத்தான் இந்த பேஜாரு. அவரு மூஞ்சப் பாத்துப் படிச்சிடுவியா நீ?”

பீட்டர் குனிந்து, முறத்திலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கிப் போட்டான்.

“மழ வந்தா தார்ப்பாய் தாங்காதுய்யா,” என்றாள், இப்போது கோபமில்லாமல். “நேத்தே அவரு கால்ல ஒழுகிச்சு. சொல்லல, துணியால மூடிக்கினு படுத்துக்கினாரு.”

கிருஷ்ணசாமியின் கட்டில் புது வீட்டுக்குள்தான் கிடந்தது. பழைய கூரைக்குள் படுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தவர். நான்கு சுவர்களுக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் வழியே இறங்கிய வெளிச்சத்தில் கட்டில், சுவர், அவருடைய வெள்ளைத் தாடி எல்லாம் நீலமாக இருந்தன. தண்ணீருக்கடியில் கிடக்கும் ஒரு அறைபோல. தூண்களின் கம்பிகள் மட்டும் தார்ப்பாய்க்கு மேலே, வெளியே, துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. பேத்தி ஷாரோன் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டியா,” என்றார் கிருஷ்ணசாமி. “மேஸ்திரி வந்தாரு. சொல்லிட்டேன். எம்புள்ள…”

“தெரியும் நைனா. நீ படு.”

“படுத்துக்கினுதானே கீறேன். வேற இன்னா பண்றேன்.” அவர் ஒரு பக்கமாகச் சிரித்தார். “இன்னா அது கைல?”

ஸ்ரீகாந்த் போனில் சொன்னதும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்கு வக்கீல் அனுப்பி, அங்கே அச்செடுத்த தாள். தமிழில்தான் இருந்தது. நான்கைந்து வரிகள். பஸ்ஸில் அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, அதில் எந்த வார்த்தையையாவது மாற்ற முடியுமா என்று பார்த்திருந்தான். எல்லாம் உண்மையாக இருந்தன. ‘மேற்படி மாதத்தில் நான் பூரண உடல்நலத்துடன் இருந்தேன். என் மகன் என்னைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விடவில்லை.’ பதினாறு வருஷத்தில் அவன் கையில் பிடித்த காகிதங்களிலேயே பொய் இல்லாத காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

“ஒரு கைநாட்டு வெக்கணும் நைனா.”

“தளத்துக்கா?”

“தளத்துக்குத்தான்.”

அதுவும் உண்மைதான். கிருஷ்ணசாமி இடது கையை நீட்டினார். பீட்டர் ஸ்டாம்ப் பேடைத் திறந்து, அந்தக் கட்டைவிரலை எடுத்து அழுத்தினான். நாற்றுக்கட்டின் கயிறு தேய்த்துத் தேய்த்து ரேகை பாதி அழிந்த விரல். அது விழுமா என்றே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. ஷாரோன் நோட்டை ஒதுக்கி, அட்டை ஒன்றைத் தாத்தாவின் மார்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதன்மேல் தாளை விரித்தான் பீட்டர். விரல் தாளுக்கு மேலே வந்து, ஒரு சாண் உயரத்தில் நின்றது.

“படி,” என்றார்.

மேலே தார்ப்பாயில் ஒரு துளி விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

“உன்ன நம்பாமயில்லடா,” என்றார், மகனுடைய முகத்தைப் பார்த்து, அவனுக்கு வருத்தமாகிவிட்டதோ என்று நினைத்தவராக. வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். “எனக்காவ வேலய வுட்ட புள்ள. உன்ன நம்பாம யார நம்புவேன். பழக்கம், அவ்ளோதான். நீ படிச்சா காதால கேக்கலாமேன்னு.”

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் சேர்ந்து, அது கட்டிலை நோக்கி ஒரு வயிறுபோல மெல்லத் தாழ்ந்தது. ஷாரோன் அப்பாவைப் பார்த்தாள். அட்டைமேல் தாளின் முனை ஈரக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஊதா நிற விரல் ஆடாமல் நின்றது, மை காய ஆரம்பித்திருந்தது.

“படிடா பீட்டரு. மெதுவாவே படி.”