ஜும்மாவுக்கு முன்னால் கட்டிய கம்பி

பபேடான் பேட்டையில் என் மெக்கானிக் கடைக்கு வந்து பேட்டரி விஷயமாக யாராவது வாதாடினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆசிட் நாற்றத்திலேயே கிடந்து தலை நரைத்தவன் நான். தப்பு என்று வந்தால் அது வாடிக்கைக்காரர் கையில் இருக்கும், பர்கத்துல்லா கையில் இருக்காது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் வரை இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் வெளியில் அப்படித்தான் காட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் சின்னத்தம்பியின் படகில் இரட்டை பேட்டரிக்கு சுவிட்ச் போட்டுக் கொடுத்தேன். விடியற்காலையில் தாகேதா கரையில் காய்கறிக்காரிகளை ஏற்றி, பசுண்டாங் ஓடையைக் கடந்து இக்கரைச் சந்தையில் இறக்குவது அவன் பிழைப்பு. படகில் பழைய ஜப்பான் கார் எஞ்சின். இருந்ததோ ஒரே பேட்டரி. அதையும் அவன் பெண்டாட்டி ஜெயம்மா தினம் சாயந்தரம் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப்போவாள். அவர்கள் வார்டில் கரண்டு வருவது பெருநாள் பிறை தெரிகிற மாதிரிதான். எங்கள் ஊரில் பாதி வீடுகள் பேட்டரியில்தான் விளக்கு எரித்தன. ஜெயம்மா வீட்டில் ஒரு டியூப்லைட், அதன் கீழே அவளுடைய தையல் மிஷின். காலையில் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினால் எஞ்சின் முக்கும், முனகும், கிளம்பாது.

ஆகவே இரண்டு பேட்டரி. ஒன்றாம் நம்பர் எஞ்சினுக்கு மட்டும். இரண்டாம் நம்பர் படகு விளக்குக்கும் வீட்டுக்கும். நடுவில் ஒரு வட்டத் திருகு: ஒன்று, இரண்டு, இரண்டும், ஆஃப். இரண்டு பேட்டரியும் ஒரே மாதிரி இருந்ததால் ஜெயம்மா இரண்டாம் நம்பரின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தாள். அது வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு முன்னால் அவசர அவசரமாக முடித்துவிட்டுப் போனேன்.

மறுநாளிலிருந்து தொல்லை. ஒன்றாம் நம்பர் தினமும் காலையில் செத்துக் கிடந்தது. பக்கத்துப் படகில் பேட்டரி இரவல் வாங்கி எஞ்சினைக் கிளப்புவதற்குள் காய்கறிக்காரிகள் கூடைகளோடு அடுத்த படகுக்கு மாறினார்கள். நான் இரண்டு முறை மத்தியானம் வந்து பார்த்தேன். ஆசிட் சரியாக இருந்தது. சுவிட்சைக்கூட மாற்றிவிட்டேன். மூன்றாம் முறை சின்னத்தம்பி கேட்டான்:

“சயா, பேட்டரியும் நல்லாருக்கு, சுவிட்சும் நல்லாருக்குன்னா கரண்டை யாரு குடிக்கிறா?”

மெக்கானிக்கைக்கூட சயா, அதாவது வாத்தியார், என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் இது. அந்த மரியாதை அன்றைக்கு என் தலைக்கு ஏறியிருந்தது.

“உன் வீட்டுல கேளு. ரெண்டாம் நம்பர் தீந்ததும் ஒண்ணாம் நம்பரைத் தூக்கிட்டுப் போயி தைக்கிறாங்க. காலைல நைசா கொண்டாந்து வெச்சுடறாங்க.”

ஜெயம்மா கரையில்தான் நின்றிருந்தாள். “பாய், ஒண்ணாம் நம்பரை நான் தொட்டதே இல்ல. அதுக்குத்தானே செவப்புத் துணி கட்டுனேன்?”

“துணிய அவுத்துக் கட்ட எம்புட்டு நேரம் ஆவும் தங்கச்சி?” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

சின்னத்தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “இனிமே பேட்டரி வீட்டுக்கு வர வேணாம்” என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே வேறொரு வேலையாக விடியும் நேரத்தில் தாகேதா போனேன். படகு கட்டிக் கிடந்தது. சின்னத்தம்பி டீக்கடைக்குப் போயிருந்தான். சும்மா உள்ளே குதித்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் டைனமோவில் கை வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

ராத்திரி முழுக்க ஓடாத டைனமோ எப்படிச் சுடும்? திருப்புளியைக் கிட்டே கொண்டுபோனேன், காந்தம் பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது. உள்ளே கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திருகு ஆஃபில்தான் இருந்தது. ஒன்றாம் நம்பர் பேட்டரியின் முனையைக் கழற்றி, நடுவில் ஒரு பல்பைக் கோத்தேன். பல்பு எரிந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஒரு மெல்லிய மஞ்சள் கம்பியை உருவியதும் பல்பு அணைந்தது.

அது நான் கட்டிய கம்பி. எஞ்சின் சாவி வழியாக டைனமோவுக்குப் போகவேண்டியது. அன்றைக்கு நீளம் போதவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று பக்கத்திலிருந்த ஒன்றாம் நம்பரிலேயே நேராகக் கட்டிவிட்டு, தொழுதுவிட்டு வந்து மாற்றலாம் என்று போனேன். தொழுகை முடிந்ததும் ஒரு கல்யாணப் பிரியாணிக்குக் கூப்பிட்டார்கள். அதோடு மறந்துபோனேன். சாவியை மூடினாலும் திருகை ஆஃபில் வைத்தாலும் அந்தக் கம்பி இரவெல்லாம் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் வந்து பார்த்த மத்தியானங்களில் எஞ்சின் ஓடி எல்லாமே சூடாக இருந்ததால் தெரியவில்லை.

மஞ்சள் கம்பியை வெட்டிப் படகிலேயே போட்டுவிட்டு, புதுக்கம்பியைச் சாவி வழியாகக் கொடுத்தேன். முடிக்கிற நேரத்தில் சின்னத்தம்பி வந்தான்.

“என்ன சயா, விடிஞ்சும் விடியாமலும்?”

“ஒண்ணுமில்ல. டெர்மினல் பாசி புடிச்சிருந்துச்சு, சுத்தம் பண்ணேன்.”

நான்கு நாள் கழித்து அவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்தான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். “சயா சொன்னதுதான் சரி! பேட்டரி வீட்டுக்குப் போறது நின்னுச்சு பாருங்க, இப்ப ஒரே தட்டுல எஞ்சின் புடிக்குது. என்கிட்டயே பொய் சொல்லிட்டா.”

இப்படி ஆகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. யாருக்கும் தெரியாமல் ரிப்பேர் பண்ணினால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த ரிப்பேரே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான்கு பேர் முன்னால் திறக்கவில்லை. வாழைப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் பேட்டரி போகவில்லை. ஜெயம்மா தையலை விட்டாள். சின்னத்தம்பியிடம் சொல்லிவிடவேண்டும் என்று ஒவ்வொரு பெருநாளைக்கும் நினைப்பேன். அடுத்த பெருநாள் வந்துவிடும். இரண்டாயிரத்து ஏழில் காய்ச்சல் கண்டு அவன் போய்விட்டான். சாவு வீட்டில் ஜெயம்மாவின் கண்ணைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். கோழை. வேறு என்ன சொல்வது?

இரண்டு வருஷம் கழித்து ஜெயம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு பேட்டரியோடு கடைக்கு வந்து இறங்கினாள். பிடியில் சிவப்புத் துணி.

“சார்ஜ் போடணும் பாய். திரும்பத் தைக்கிறேன்.”

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மஞ்சள் கம்பியையும் ஜும்மாவையும் பிரியாணியையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

“அன்னிக்கே தெரியும் பாய்” என்றாள். “நீங்க வெட்டிப் போட்ட கம்பி பலகைக்கு அடியில கெடந்துச்சு. தெனம் ரெண்டாம் நம்பரைக் கழட்டி மாட்டுனவ நாந்தானே, பக்கத்துல ஒண்ணாம் நம்பர்லேருந்து எது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? எடுத்துக்கிட்டுப் போயி அவருகிட்ட காட்டுனேன்.”

“என்ன சொன்னான்?”

“‘தப்பு சயா மேல இருந்தா சயாவே சொல்லியிருப்பாரு’ன்னாரு.”

சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவள் போனாள்.