மாடத்தியின் ஓட்டு

சங்கரன்கோவிலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தவரை இல்லையென்று சொல்லி அனுப்புகிற வழக்கம் கிடையாது. கும்பிட்ட கையோடு யார் வந்து நின்றாலும், "ஒங்களுக்கு இல்லாம பொறவு யாருக்கு அண்ணாச்சி?" என்பார்கள். வந்தவர் சித்தப்பா முறை என்றால் அண்ணாச்சி போய்ச் சித்தப்பா வரும், அவ்வளவுதான். பசியோடு இருப்பவனும், சாப்பிட்டாயா என்றால் ஆச்சு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. இதைப் போய் ஓட்டு என்று எண்ணிக்கொண்ட ஒரே மனிதர், எண்பத்தாறில் சேர்மன் தேர்தலுக்கு நின்ற பெருமாள்சாமிதான்.

அவருக்கு வாடகை சைக்கிள் கடை. ஊர் மேற்கே வளர்ந்துகொண்டே போனது. வயலாகக் கிடந்த இடம் தெருவானது, தெருவுக்குப் பெயர் வந்தது, விளக்கும் வந்தது. குடிதண்ணீர்க் குழாய் மட்டும் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய தெருக் குழாயடிக்குப் போய், அங்குள்ளவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். பெருமாள்சாமியின் மனைவி மாடத்தி ஒருநாள் பாதிக் குடத்தோடு அழுதுகொண்டு வந்தாள். எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதிலே வராத கோபம் வேறு அவருக்கு இருந்தது. "நானே நிக்கேன். நின்னு கொழாயக் கொண்டாறேன்" என்றார். சுயேச்சை. ஏணிச் சின்னம்.

எதிரே நின்றவர் அரிசி மில் குருநாதன்.

பொழுது சாயும்போது பெருமாள்சாமி வீட்டுக்கு வருவார், வெயிலில் கறுத்த முகமெல்லாம் சிரிப்பாக. "தெரு பூராவும் நம்ம பக்கம்தாம்ட்டி. ஒரு வீட்டுலகூட மாட்டேன்னு சொல்லல."

"அவுக யாருக்குத்தான் மாட்டேன்னு சொல்லியிருக்காக? அது வாய் வார்த்தைங்க."

"ஒனக்கு ஆளுகளத் தெரியாது."

தெரியாதாம்! அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த ஆட்களோடு குழாயடியில் நின்று மல்லுக்கட்டியவள் அவள்.

ஓட்டுக் கேட்டுப் போகிறவர் ஒரு வாசலையும் தாண்டிப் போகக் கூடாது. எதிராளியின் வாசலைக்கூட. தாண்டினால் தேர்தல் பகை குடும்பப் பகையாகிவிடும். அதனால் ஒரு மத்தியானம் குருநாதன் தன் கூட்டத்தோடு மாடத்தியின் வாசலிலும் வந்து நின்றார். பெருமாள்சாமி ரயிலடிப் பக்கம் போயிருந்தார். மாடத்தி ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

குருநாதனுக்கும் அவளுக்கும் குருவிகுளம்தான் பூர்வீகம். "நம்ம ஊர்ப் பிள்ளை நீ. ஒன் ஓட்டு எனக்குத்தான தாயி?" என்று விளையாட்டாகத்தான் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் பெரிய மனிதர், கும்பிட்ட கை, தெரு நிறைய ஆள். யோசிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒங்களுக்கு இல்லாம பொறவு யாருக்கு அண்ணாச்சி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குருநாதனே கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடத்தி மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்ய?

சாயங்காலமே மைக் கட்டிய கார் தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டது. மைக்கில் மூக்காண்டி. அவன் வாய்க்குப் பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. "ஏணி வேட்பாளரின் தர்மபத்தினியே அண்ணன் குருநாதனுக்கு வாக்களித்துவிட்டார்! வீட்டில் ஏறாத ஏணி ஊரில் ஏறுமா?"

பெருமாள்சாமி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏட்டி, எப்படிச் சொல்ல மனசு வந்துது ஒனக்கு?"

"மனசுல இருந்தா சொன்னேன்? எல்லாரும் சொல்லுததத்தான சொன்னேன். ஒங்ககிட்டயும் அதத்தான சொல்லுதாக?"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவள் சொன்னது வெறும் வார்த்தை என்றால் ஊரே சொன்னதும் வெறும் வார்த்தை. ஊர் சொன்னது நிஜம் என்றால் அவள் சொன்னதும் நிஜம். அவர் முகத்திலிருந்த சிரிப்பு, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது, அப்படியே வடிந்துபோனது.

"அப்போ ஒரு ஓட்டும் இல்லேங்கியா?"

மாடத்திக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் மேலேயே ஆத்திரமாகவும் வந்தது.

மறுநாளும் அவர் போனார். வாசல் வாசலாக அதே வார்த்தையைக் கேட்டுக் கும்பிட்டார். மனிதர் எந்த நெஞ்சோடு போனாரோ.

தேர்தலன்று மாடத்தி ஏணியின் மேல் முத்திரையை அழுத்திக் குத்தினாள். மை மறுபக்கம் ஒட்டிச் செல்லாமல் போய்விடக் கூடாதே என்று ஊதி ஊதி மடித்தாள். பார்க்க யாருமில்லை. எண்ணும்போது எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டார்கள். அதில் எது அவளுடையது என்று யார் எடுத்துக் காட்டுவது?

டெபாசிட் போய்விட்டது. பெருமாள்சாமி மத்தியானத்திலேயே வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பழைய தெருவில் ஏச்சு வாங்கிச் சுமந்து வந்த தண்ணீரை மாடத்தி செம்பில் மொண்டு கொடுத்தாள். குடித்து முடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீயாவது எனக்குப் போட்டியாட்டி?"

எத்தனை நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தாள்! நெஞ்சு நிறைய நிஜம் இருந்தது.

"ஒங்களுக்கு இல்லாம பொறவு யாரு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். வேறு எப்படிச் சொல்வதென்று தேடினாள். ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

பெருமாள்சாமி மெதுவாகத் தலையாட்டினார்.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாக" என்று செம்பைக் கீழே வைத்தார்.