தனியாக வராதீர்கள் என்று எழுதியிருந்த கேம்பர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கேம்பரை வாங்கப் போனது நான். வாங்காமல் திரும்பி வந்ததும் நான்தான்.

பொக்கடெல்லோவில் நான் போகும் டயர் கடைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. “பிக்கப் வண்டியில் ஏற்றும் கேம்பர், 1993. இரண்டு பேர் படுக்கலாம். அடுப்பு எரியும். ஹீட்டர் எரியும். ஐஸ்பெட்டிக்கு உத்தரவாதம் இல்லை. 1,800 டாலர். ஏற்ற இறக்க இரண்டு ஆள் வேண்டும். தனியாக வராதீர்கள்.” பத்தொன்பது வருடமாக அமெரிக்காவின் இந்த ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறேன், ஒரு ராத்திரிகூட வெளியே ஆற்றோரம் படுத்ததில்லை. போன் செய்து, “நாங்க சனிக்கிழமை வர்றோம்” என்றேன்.

மூன்றரை மணி நேரம் ஓட்டிப்போனேன். சால்மன் ஊருக்கு வெளியே ஒரு வேலிக்கதவு. உள்ளே நான்கு இரும்புக்கால்களில் கேம்பர் நின்றது, சக்கரமில்லாத சின்ன அறை. கதவுக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன். உள்ளே போனால் “இன்னொருத்தர் எங்கே?” என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆகவே எனக்குப் பதிலாக நெட்ரா என்று ஒருத்தியைக் கற்பனை செய்து உள்ளே அனுப்புகிறேன்.

2.

எழுதிப்பார்த்த தொடக்கங்கள்:

அக்டோபர் மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சள் இலைகள்… [அடித்தாயிற்று. நெட்ரா இலை பார்க்க வரவில்லை.]

கணவன் விட்டுப்போன ஆறாவது வருடத்தில் நெட்ரா… [வேண்டாம். முதல் வரியிலேயே நீங்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அவளுக்கு அது அறவே பிடிக்காது.]

நெட்ரா இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். [இது இருக்கட்டும். எனக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராது. என் இடத்தில் போகிறவளுக்காவது வரட்டும்.]

3.

நெட்ராவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிளாக்ஃபுட் ஊரில் மூன்று படுக்கையறை வீடு. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா அறையிலும் விளக்கைப் போடுவாள், பிறகு மின்சாரம் வீணென்று ஒவ்வொன்றாக அணைப்பாள். அந்த வீட்டில் எந்த நேரமும் யாரோ குறைகிற மாதிரியே இருக்கும். எட்டடி நீளப் பெட்டிக்குள் ஒருத்தி படுத்திருந்தால் யாரும் குறைய மாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். அதற்குத்தான் இந்தக் கேம்பர். ஊர் சுற்றுகிற ஆசையெல்லாம் இல்லை.

அவளும் போனில் “நாங்க” என்றுதான் சொன்னாள். இது திட்டமிட்ட பொய்யல்ல, பழக்கம். குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டாலும் அப்படித்தான் சொல்வாள். தனியாக இருக்கிற பெண் முன்பின் தெரியாதவர்களிடம் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் நாமும் நாங்களும் ஒரே சொல். தமிழில் எழுதுகிற நான் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. நெட்ராவின் நாங்களுக்கு உள்ளேயும் யாருமில்லை.]

4.

விற்கிறவர் பெயர் டெல்மர், எழுபத்து நான்கு வயது. மனைவி ட்வைலா சமையலறையில் இருந்தாள். [அந்த ஊரில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மரியாதை விகுதி கிடையாது. ஆனால் என் பேனா ‘ங்க’ போடாமல் நகர மறுக்கிறது.]

“வீட்டுக்காரர் வரலீங்களா?” என்றார் டெல்மர்.

“வேலை இருக்கு.”

“நல்ல ஆளு. ஏத்தறதுக்கு இன்னைக்கு நான் இருக்கேன். வீட்டுல எறக்கறப்ப அவரை நிக்கச் சொல்லுங்க. கீழ்வீட்டுக்காரன் தனியா எறக்கினான். கேம்பர் கால் ஒண்ணு மடங்கி அவன் மேலயே சாஞ்சுடுச்சு. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. ஒத்த ஆளுக்குக் குடுக்கறதில்லன்னு அதுலேர்ந்து முடிவு பண்ணிட்டேன்.”

நெட்ரா கேம்பருக்குள் ஏறிச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். ஒரு மூலையில் விரல் உள்ளே அமுங்கியது.

“அங்க தண்ணி எறங்கியிருக்கு,” என்றார் டெல்மர், அவள் கேட்பதற்குள். “ஒழுக்கை அடைச்சாச்சு. பலகை போனது போனதுதான்.”

“ஐஸ்பெட்டி?”

“இஷ்டப்பட்டா குளுரும். இல்லாட்டி உர்ருன்னு இருக்கும். ட்வைலா மாதிரி.”

“காதுல விழுது!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“நல்லாத்தானே இருக்கு, ஏன் விக்கறீங்க?”

“நான் பின்னால எடுக்கறப்ப அவதான் நின்னு கை காட்டுவா. முப்பது வருஷம். ஒவ்வொரு தடவையும் சண்டை. இப்ப அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. நானும் அவளும் சேர்ந்து ஒரே ஆளுதான்.” படுக்கையைக் காட்டினார். “உள்பக்கம் படுக்கறவங்க ராத்திரி எந்திரிச்சா அடுத்தவங்க மேல ஏறித்தான் வரணும். என்னை மிதிச்சுக்கிட்டேதான் எறங்குவா.”

நெட்ரா அந்தப் படுக்கையைப் பார்த்தாள். ஓரத்தில் படுப்பதா நடுவில் படுப்பதா என்று யோசித்தாள்.

5.

ஏற்றுகிற இடம். [இங்கேதான் நெட்ராமீது எனக்குச் சந்தேகம் வருகிறது. இவ்வளவு திறமைசாலிக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நண்பரே.]

நெட்ரா தன் பிக்கப்பைப் பின்பக்கமாகக் கேம்பருக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். கேம்பரின் கால்களுக்கும் பிக்கப்புக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு அங்குலம்தான் இடைவெளி. டெல்மர் பின்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினார். “எடது… எடது… கொஞ்சம்…” என்று அவர் ஆரம்பிப்பதற்குள் வண்டி உள்ளே வந்து நின்றுவிட்டது.

“நான் கத்தக்கூட விடலையே!”

“இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ்.”

“பின்னாடி யாரும் நின்னு சொல்ல மாட்டாங்களா?”

“பின்னாடி யாராவது நின்னாத்தான் எனக்குப் பயம். சின்னப் பிள்ளைங்களா இருக்கும்.”

டெல்மர் சிரித்தார். கால்களை மேலே தூக்கி, நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டினார்கள். கேம்பர் அவள் வண்டியின்மேல் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“சாப்பிட்டுட்டுத்தான் போகணும்,” என்று ட்வைலா வாசலில் நின்று கத்தினாள்.

6.

மேசையில் எல்க் மான் கறியும் பீன்ஸும் போட்ட குழம்பு, சோள ரொட்டி. நான்கு கிண்ணங்கள். ட்வைலா ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் ஊற்றினாள்.

“மூணு பேர்தாம்மா,” என்றார் டெல்மர்.

“போன்ல நாங்கன்னாங்களே, அதான் வெச்சேன். இருக்கட்டும், டப்பால போட்டுக் குடுக்கறேன். காரம் சாப்பிடுவாரா?”

“சாப்பிடுவார்,” என்றாள் நெட்ரா.

[இதில் பொய்யில்லை. அவன் காரம் சாப்பிடுகிறவன்தான். இப்போது அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இன்னொரு மேசையில் சாப்பிடுகிறான்.]

டெல்மர் காகிதத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டார். “இன்னாருக்கு வித்தேன்னு எழுதிக் குடுத்துடறேன். உங்க பேரு எழுதிட்டேன். அவர் பேரு?”

7.

இந்த இடத்தில் ஒன்பது நாள் நின்றுவிட்டேன்.

முதல் முடிவு: “ரூலன்” என்று அவள் பழைய கணவன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். கேம்பர் அவளுடையது. ஆனால் ஆறு வருடம் முன்னால் போனவனை அவளே அழைத்துவந்து அந்த எட்டடிப் பெட்டிக்குள் படுக்கவைத்ததாக ஆகும். அங்கேயும் ஒருவர் குறைய ஆரம்பித்துவிடுவார். கூடாது.

இரண்டாவது: ட்வைலா, “வந்தப்பவே வண்டியில ஒரு கதவு சாத்துற சத்தம்தான் கேட்டுச்சு, எனக்குத் தெரியும்” என்று அவள் கையைப் பிடிக்கிறாள். [பார்வை மங்கியவர்களை எல்லாம் அறிந்தவர்களாக்குவது மலிவான வித்தை. ட்வைலாவுக்கு எதுவும் தெரியாது. அவள் எண்ணிக்கை பார்த்துக் கிண்ணம் வைத்தாள்.]

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. நெட்ராவே பேசிவிட்டாள்.

“ரெண்டாவது பேர் எழுதாதீங்க. யாரும் இல்ல. ஆறு வருஷமா நான் மட்டும்தான்.”

டெல்மர் பேனாவை மேசைமேல் வைத்தார். ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பேசியது ட்வைலாதான். அவளுக்குக் கோபம்.

“அப்ப நான் நாலு கிண்ணம் வெக்கறப்ப ஏன் சும்மா இருந்தீங்க?”

நெட்ரா நிறைந்திருந்த அந்த நான்காவது கிண்ணத்தைப் பார்த்தாள்.

“வெச்சிருந்தது நல்லா இருந்துச்சு,” என்றாள்.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. டெல்மர் மறுபடி பேனாவை எடுத்தாரா, சங்கிலியைக் கழற்ற எழுந்தாரா, தெரியாது. இரண்டுக்குமே அவரிடம் நியாயம் இருக்கிறது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன், மனம்போல் செய்யுங்கள்.

அவசரம் மட்டும் வேண்டாம். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.