மூன்று மாட்டுக்கு ஒரு பொட்டலம்

ஈ கடித்து ரத்தத்தில் காய்ச்சல் ஏறிய மூன்று மாடுகள் தலை தொங்கி நின்றன. ஹம்மன் ஒரே ஒரு மஞ்சள் ஊசி மருந்துப் பொட்டலத்தைப் பாட்டிலில் கொட்டி, தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். அந்த மூன்றில் வெள்ளைப் பசு அவன் மனைவி தக்கோவுடையது. கல்யாணத்தில் அவள் அப்பா கொடுத்தது.

"ஒரு மாட்டுக்கு ஒரு பொட்டலம்னு மாட்டு டாக்டர் சொன்னாரே," என்றாள் தக்கோ.

"அவரு எத்தன மாடு மேச்சாராம்? தண்ணி மஞ்சளா இருக்குல்ல, போதும்."

போன மழைக்காலத்திலும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஊசி போட்ட சிவப்புப் பசு இரண்டு வாரம் மேய்ந்துவிட்டுச் செத்தது. 'மருந்து போலி' என்று ஹம்மன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தப் பெயர் தன் நாக்கில் படாததே நல்லது என்று தக்கோ நினைத்தாள்.

அவன் சிரித்தான். "சந்தைக்குப் போற உன் பாலுல தண்ணி இல்லியாக்கும்?"

காலையில்கூட ஊற்றியிருந்தாள். முகம் சுட்டது.

"இருக்கு. அதக் குடிச்சு எந்த மாடும் சாகல."

வெள்ளைப் பசுவை அவிழ்த்தாள்.

"மாட்ட ஒரு பொம்பள ஓட்டிட்டுப் போனா ஊரு சிரிக்கும்டி!"

"உங்களப் பாத்துத்தான் சிரிக்கும்."

டாக்டர் இருக்கும் சந்தைப் பாதையில் பசு தள்ளாடி நடந்தது. பதினோரு வருஷமாகத் தான் பொறுமை என்று பெயர் வைத்திருந்தது அவன்மேல் இருந்த இந்த அருவருப்புக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.