நான்காம் குப்பி

அக்காவின் மூக்கு செத்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. டாக்டரைத் தவிர இது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சோப்புக்கடைக்காரம்மா நாலரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்போது மணி மூன்று.

"ஆந்தை, கடைசியா ஒரு தடவை மோந்து சொல்லுடா," என்றாள் அக்கா.

ஆறு வருடம் இரவு ஷிப்ட் பார்த்ததால் வந்த பெயர். வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியும் பெயர் விடவில்லை. காகிதப் பட்டையின் நுனியைப் பத்தொன்பதாம் குப்பியில் தோய்த்து, இரண்டு முறை ஆட்டி, மூக்கருகே கொண்டுபோனேன்.

"அதேதான்க்கா. அச்சு அசல்."

"நிச்சயமா?"

"இன்னும் எத்தனை தடவை கேப்ப?"

"நீ எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வெறும் காத்துதானேடா வருது."

அக்கா பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே வாசனைக் கலவை செய்கிறாள். எல்லாம் செடி கொடிகளிலிருந்தும் தேன்கூட்டிலிருந்தும் எடுத்த சரக்கு. ஆய்வுக்கூடச் சரக்கு ஒரு சொட்டும் கிடையாது. கூடத்து மேஜையில் ஒரு சின்னத் தராசு, டிராப்பர்கள், பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், ஒரு நோட்டு. தொழிற்சாலை என்பது அவ்வளவுதான். சோப்புக்கடைக்காரம்மா கேட்டது தேன்கொடி வாசனை, இங்கிலீஷில் ஹனிசக்கிள் என்பார்களே, அது. அந்தப் பூவை எந்தப் பாத்திரத்தில் போட்டு வடித்தாலும் எண்ணெய் தராது. வேறு பூக்களின் எண்ணெய்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத்தான் அந்த வாசனையை வரவழைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் முயன்று தோற்றிருந்தார்கள். அக்கா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள்.

காய்ச்சல் போனது. அதற்குப் பிறகு ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. நான் அறையிலிருந்து ஓடி வந்தேன். அக்கா அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "என்னடா ஓடி வர்ற?" என்று கேட்டாள். அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

மூக்கில்லாத வாசனைக்காரியிடம் கலவை கேட்பது, கை நடுங்கும் சவரக்காரனிடம் கழுத்தை நீட்டுவது மாதிரி. விஷயம் வெளியே தெரிந்தால் சோப்புக்கடை மட்டுமல்ல, பன்னிரண்டு வருடமும் போய்விடும். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. எனக்கோ தெரிந்த ஒரே தொழில், இரவெல்லாம் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுவது. அதையும் விட்டுவிட்டேன்.

அதனால் அவள் மூளையும் என் மூக்குமாக வேலை செய்தோம். ஒப்பிட்டுப் பார்க்கப் பூவும் இல்லை. பக்கத்து வீட்டு மதில் முழுக்கப் படர்ந்திருந்த தேன்கொடியை, கார் நிறுத்த இடம் வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே வேரோடு வெட்டிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஞாபகம்தான். அவள் தினமும் அந்தி நேரத்தில் அந்த மதில் ஓரம் காய்ந்த துணியை எடுத்து வந்தவள். நான் தினமும் அதன் அடியில் நடந்து வீட்டுக்கு வந்தவன்.

முதல் மூன்று குப்பிகள் வெறும் அளவு பார்த்தவை. நான்காம் குப்பியை அவள் தன் தலையிலிருந்தே செய்தாள். ஆரஞ்சுப்பூ எண்ணெய் நிறைய, மல்லிகை பேருக்கு, ரோஜாவில் ஒரு சொட்டு, வெனிலா கொஞ்சம். கலந்து முடித்ததும், "இதுதான்டா. மோந்து பார்க்காமலே சொல்றேன்," என்றாள்.

நான் முகர்ந்தேன். "சோப்பு மாதிரி இருக்கு. ரொம்பச் சுத்தமா இருக்கு. பூவுக்கு ஒரு கனம் இருக்கும்ல? அது இல்ல."

அவள் வாதாடினாள். நான் விடவில்லை. கடைசியில், "சரி, இப்ப உன் மூக்குதானே என் மூக்கு," என்று சொல்லி, நோட்டில் நான்குக்கு நேரே பெருக்கல் குறி போட்டாள். அக்கா எதையும் கொட்ட மாட்டாள். அந்தக் குப்பி பிரிட்ஜுக்குப் பின்னால் போனது. அதற்குப் பிறகு என் மூக்கு சொன்னபடி மல்லிகை ஏறியது. தேன்மெழுகுச் சாரம் சேர்ந்தது. பதினாறில் புகையிலைச் சாரமும் வந்தது. பத்தொன்பதில், விடியற்காலையில் பக்கத்து மதில் அருகே என் முகத்தில் வந்து மோதும் அதே வாசனை அப்படியே எழுந்து நின்றது. எனக்குச் சந்தேகமே இல்லை.

"அந்தம்மா திடீர்னு எதையாவது நீட்டி, மோந்து சொல்லுங்கன்னா என்ன பண்றது?" என்று அக்கா கேட்டாள்.

"நான் எதிர்ல உக்காந்திருப்பேன். நல்லா இருந்தா காதைச் சொறியுறேன். நல்லா இல்லைன்னா இருமுறேன்."

"தும்மல் வந்தா?"

"தும்மல் வந்தா ரெண்டு பேரும் எழுந்து ஓடிரலாம்."

அவள் சிரிக்கவில்லை. சேலையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

சோப்புக்கடைக்காரம்மா பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். குள்ளமான உருவம். இரண்டு கைகளிலும் சோப்புக் காரம் பட்டு வெந்த பழைய தழும்புகள். உட்கார்ந்ததும் மடியில் இருந்த பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"புதுசா போட்டது. எப்படி இருக்கு, சொல்லுங்க."

நாங்கள் பயந்தது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. எலுமிச்சைப்புல் வாசனை மேஜையைத் தாண்டி எனக்கே வந்தது. குறை ஒன்றும் இல்லை. காதைச் சொறிந்தேன். அக்கா கட்டியை மூக்கருகே வைத்து எடுத்து, "நல்லா வந்திருக்கும்மா," என்றாள்.

"அப்படியா?" என்றார் அந்தம்மா. அவர் பார்வை அக்காவிடமிருந்து விலகி என் காதுக்கு வந்து, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அக்கா பத்தொன்பதைத் திறந்து பட்டையைத் தோய்த்துக் கொடுத்தாள். அந்தம்மா கண்ணை மூடி முகர்ந்தார். பட்டையை விலக்கி, தன் முழங்கை மடிப்பை முகர்ந்து மூக்கைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முகர்ந்தார். சுவர்க்கடிகாரம் அப்போதுதான் அவ்வளவு சத்தமாக ஓடுவது தெரிந்தது.

"தேன்கொடிதான்," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

"இல்லைன்னு சொல்லல. ஆனா நான் கேட்டது வெள்ளைப் பூ. இது மஞ்சப் பூ."

"புரியலம்மா," என்றாள் அக்கா.

"உங்களுக்கா புரியல? சாயங்காலம் ஆறரைக்கு வெள்ளையா விரியுமே, அந்த வாசனை கேட்டேன். விடிஞ்சா அது மஞ்சளாயிரும், கனத்துப்போயிரும், உதிர்ந்து கால்ல மிதிபடும். இது அந்தப் பூ. இதை எடுத்து எவ மூஞ்சில தேய்ச்சுக்குவா?"

இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடமும் நான் வேலைக்குக் கிளம்பியது சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்போது மொட்டு. திரும்பியது விடிந்த பிறகு. விடுமுறை நாட்களில் தூங்கினேன். வேலையை விட்ட பிறகும், கொடியை வெட்டும்வரை ஒரு மாதம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்தப் பூ விரிந்த நேரத்தில் நான் ஒரு நாள்கூட அதன் பக்கத்தில் நின்றதில்லை. என் செருப்பில் ஒட்டி வந்ததைத்தான் பூ வாசனை என்று அக்காவின் கையால் பதினைந்து குப்பி செய்ய வைத்திருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கணக்கு ஒன்றைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"ஆந்தை, பிரிட்ஜுக்குப் பின்னாடி நாலு இருக்கு பாரு. எடுத்துட்டு வா."

தூசியைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். அந்தம்மா அதைத் தொடவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா? ஒரு சொட்டு கிராம்பு கூடினாலும் வாசல்லயிருந்தே சொல்லிருவீங்கன்னு உங்களைப் பத்திச் சொன்னாங்க. அப்படிப்பட்டவங்க மஞ்சப் பூவை எப்படி என் முன்னாடி கொண்டுவந்து வெச்சீங்க?"

அந்தம்மா பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தொண்டை கட்டியிருக்கு. கொஞ்சம் வெந்நீர் போட்டுக் கொண்டு வாங்க. அவசரமில்ல."

என்னைக் கிளப்புகிறார் என்று தெரிந்தது. மறுக்க முடியுமா? சமையலறைக்குக் கதவு கிடையாது. அடுப்புக்கு முன்னால் நின்றால் அந்தம்மாவின் முதுகும் அக்காவின் முகமும் தெரியும். அந்தம்மா பக்கவாட்டில் திரும்பி, இரண்டு குப்பிகளையும் மடியில் மறைத்து வைத்து, இரண்டு பட்டைகளைத் தோய்த்தார். திரும்பி அக்காவிடம் நீட்டினார்.

"எது வெள்ளை? நீங்களே சொல்லுங்க."

அடுப்பை மூட்டினேன். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. காதைச் சொறிந்து என்ன, இருமி என்ன? அக்கா முதல் பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு இரண்டாவதை. பிறகு மறுபடி முதலாவதை. இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் இன்றோடு முடிந்தது. பாத்திரத்தில் தண்ணீர் முனக ஆரம்பித்தது.

அக்கா இரண்டு பட்டைகளையும் மேஜையில் இருந்த வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குனிந்தாள். அப்போதுதான் நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பட்டையின் நுனியில் தேநீர் சிந்தியது மாதிரி பழுப்புக் கறை. மல்லிகையும் மெழுகும் புகையிலையும் விட்ட கறை. இன்னொன்றில் ஈரம் மட்டும்தான்.

"இது," என்று ஈரமாக இருந்ததைத் தள்ளினாள்.

அந்தம்மா எடுத்துக் கண்ணை மூடினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நான் அணைக்கவில்லை. அவருடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்கின.

"இதுதான்," என்றார். "இதேதான்." பிறகு கண்ணைத் திறந்தார். "ஆனா ஒண்ணு. நீங்க மோந்தப்ப கண்ணை மூடவே இல்ல. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு மோந்த வாசனைக்காரியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

நான் வெந்நீர்த் தம்ளரோடு வந்து நின்றேன். ஆவி தொண்டையில் ஏறி, வேண்டாத நேரத்தில் இருமல் வந்தது.

"தம்பி இருமுறாரு," என்றார் அந்தம்மா. "முன்னாடி காதைச் சொறிஞ்சாரு. எது எதுக்குன்னு சொல்லிட்டீங்கன்னா நேரா பேசலாம்."

சளி பிடித்திருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கலாம். அந்தம்மா நம்பியிருக்கவும் கூடும். அக்கா நோட்டை மூடி வைத்தாள்.

"மூக்கு போச்சும்மா. காய்ச்சல்ல. முப்பத்தேழு நாளாச்சு. காப்பித்தூள் டப்பாக்குள்ள தலையை விட்டாக்கூட ஒண்ணும் தெரியல."

"அப்ப நாலை யார் செஞ்சது?"

"நான்தான். மூக்கு போனதுக்கு அப்புறம் செஞ்சேன்."

"மோந்து பார்க்காமலா?"

"எந்த எண்ணெய் எதோட சேர்ந்தா என்ன ஆகும்னு தெரியும். அந்தப் பூ எப்படி இருக்கும்னு தெரியும். அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் அதை முதல்ல காட்டல?"

அக்கா என்னைக் கை காட்டவில்லை. அதனால் நானே சொன்னேன். "நான் வேணாம்னேன். எனக்குக் காலையில வர்ற வாசனை மட்டும்தான் தெரியும். அது எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

அந்தம்மா வெந்நீரை ஊதி ஊதி முழுவதும் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வரலாம். வராமலும் போகலாம்னாரு."

"டாக்டர் ஆகணும்னா இந்தப் பேச்சைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பாங்க போல." நான்காம் குப்பியை இறுக்கி மூடிப் பைக்குள் போட்டார். பத்தொன்பதை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். "நாலையே செய்ங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் நான் வந்து மோந்து பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன். தம்பி மூக்கை நம்பி ஒரு சொட்டு எடுக்க மாட்டேன்."

"எடுக்காதீங்க," என்றேன்.

"உங்க மூக்கைப் பத்தி நான் வெளியில பேசப் போறதில்ல. ஆனா என்கிட்ட மறுபடி மறைச்சா, வர மாட்டேன்." வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "மோந்து பார்க்காம செஞ்சிருக்கீங்க. என்ன கையோ!"

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் அடங்கும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"திட்டுறதுன்னா திட்டிரு," என்றேன்.

"உன்னை எதுக்குத் திட்டணும்? நீ மோந்ததைச் சொன்ன. நான்தான் என்னை நம்பல." தட்டில் கிடந்த பட்டைகளைப் பார்த்தபடி, "கறை மட்டும் இல்லைன்னா இன்னிக்குப் போயிருப்பேன்டா," என்றாள்.

நோட்டை எடுத்து நான்கு இருந்த பக்கத்தைத் திறந்து, பெருக்கல் குறியை பிளேடு நுனியால் சுரண்டினாள். பேனாவில் போட்டது, முழுக்கப் போகவில்லை. காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிற்று.

ஈரப் பட்டை தட்டிலேயே கிடந்தது. எடுத்து, இந்தத் தடவை கண்ணை மூடி, மெதுவாக முகர்ந்தேன். எங்கிருந்தாவது அந்தச் சாயங்காலம் வருகிறதா என்று பார்த்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "இப்பவும் சோப்பு மாதிரிதான் இருக்கு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தேழு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சோப்புக்குத்தானேடா கேட்டாங்க, முண்டம்," என்றாள். "எழுந்து டிராப்பரைக் கழுவு."